பத்து கோல் வாங்கியும் பதவி போகாதவர்

2025 நவம்பர் 19-ஆம் தேதி காலை. லேக் மார்க்கெட்டில் காப்பிப் பொடி அரைக்கக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். முந்தின நாள் ராத்திரி டாக்காவில் நம் தேசியக் கால்பந்து அணி வங்கதேசத்திடம் ஒரு கோலில் தோற்றிருந்தது. அவர்களிடம் நாம் தோற்பது 22 வருஷத்துக்குப் பிறகு. கடையில் இருந்த நாலு பேரும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கல்கத்தாவில் இது புதிதல்ல. இங்கே மளிகைக் கடைக்காரருக்கும் ஆஃப்ஸைடு தெரியும்.

நம் சங்கத்து நண்பர் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது சின்னவர், ரொம்பக் கொதிப்பில் இருந்தார். "அந்தக் கோச்சைத் தொலைச்சுக் கட்டினாத்தான் ஸார் இவங்க உருப்படுவாங்க" என்றார்.

"எந்தக் கோச்சை?" என்று கேட்டேன்.

"அதான் ஸார், அந்த வெள்ளைக்காரர், எப்பப் பார்த்தாலும் ரெஃப்ரியோட சண்டை போடுவாரே!"

அவர் சொன்னது குரோஷியாக்காரரான இகோர் ஸ்டிமாச்சை. ஸ்டிமாச்சை 2024 ஜூனிலேயே வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அவருக்குப் பிறகு ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கஸ் வந்து, 2025 ஜூலையில் அவரும் போய்விட்டார். டாக்காவில் தோற்றபோது பயிற்சியாளர் காலித் ஜமீல். பதவிக்கு வந்து நாலு மாதம் கூட ஆகவில்லை. இதைச் சொன்னதும் நண்பர் ஒரு விநாடி யோசித்தார். "அப்ப அவரையும் மாத்தணும்" என்றார்.

சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் சாயங்காலம் வரை அந்தப் பேச்சு மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. நண்பரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் ஒரு பழைய கதை.

1952-ல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்ஸ். நம் அணி முதல் ஆட்டத்தில் யுகோஸ்லாவியாவை எதிர்கொண்டது. நம் பையன்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். குளிர் தேசத்து ஈரப் புல்தரை. முடிவு 10-1. நமக்கு அந்த ஒரு கோலைப் போட்டவர் அகமது கான். எதிரணி சாதாரணமானதல்ல, அந்த ஒலிம்பிக்ஸில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய அணி. இருந்தாலும் பத்து கோல் பத்து கோல்தான். பயிற்சியாளர், ஹைதராபாத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த ஸையத் அப்துல் ரஹீம்.

இன்றைக்கு இப்படி ஒரு தோல்வி என்றால் விமானம் தரை இறங்குவதற்குள் பதவி போயிருக்கும். அன்றைக்கு என்ன செய்தார்கள்? பூட்ஸ் போட்டுத்தான் ஆட வேண்டும் என்று விதி செய்தார்கள். வாத்தியாரை மாற்றவில்லை. அதே ரஹீம் நாலு வருஷம் கழித்து 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கு அணியைக் கூட்டிப் போனார். ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று ஜெயித்தோம். நெவில் டிஸோஸா மட்டும் மூன்று கோல். அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு நாம்தான். அங்கே யுகோஸ்லாவியாவிடம் மறுபடியும் தோற்றோம், ஆனால் இந்தத் தடவை 4-1. பத்து நாலாயிற்று. கடைசியில் நாலாவது இடம்.

ரஹீமுக்கு ஏன் அந்தச் சலுகை? அதற்கு முந்தின வருஷம், 1951-ல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை ஒரு கோலில் ஜெயித்து அவர் தங்கம் வாங்கிக் கொடுத்திருந்தது ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. அவர் ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிறவராக மட்டும் இல்லை. ஆட்டக்காரர்களை உண்டாக்குகிறவராக இருந்தார். ஹைதராபாத் போலீஸ் அணியைப் பயிற்றுவித்தார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் ரோவர்ஸ் கோப்பையை ஜெயித்தது. பம்பாய்க்காரர்களுக்கு ரோவர்ஸ் கோப்பை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டாம்.

ஹைதராபாத்துப் பையன்களுக்கு அவர் விநோதமான போட்டிகள் நடத்துவாராம். ஒரு போட்டியில், எந்தக் கால் பழக்கமில்லாத காலோ அந்தக் காலால் மட்டும்தான் பந்தை உதைக்கலாம். இன்னொன்றில் பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டக் கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும். தங்கப் பதக்கம் என்பது ஜகார்த்தாவில் விளைந்தது அல்ல, இந்த மாதிரி சில்லறைப் போட்டிகளில் விளைந்தது என்பது என் எண்ணம்.

ஜகார்த்தா என்று சொல்லிவிட்டேன், அதையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1962 ஆசிய விளையாட்டு. ரஹீமுக்கு உடம்பில் புற்றுநோய். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று ஜெயித்தோம். தாய்லாந்து ஆட்டத்தில் நம் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் ஸிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. வேறு யாராவது என்றால் ஜர்னைலைப் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார்கள். ரஹீம் அவரைக் கொண்டுபோய் ஸென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் கோல் போட்டார். 3-2 என்று பிழைத்தோம்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4. எதிரில் மறுபடியும் அதே தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேஷியா விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாததை நம் ஸோந்தி அவர்கள் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் அரங்கமே நமக்கு எதிராக ஊளையிட்டது. கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். பி.கே. பானர்ஜி ஒன்று, தலையில் தையலோடு ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. அடுத்த வருஷம் 1963 ஜூன் 11-ஆம் தேதி ரஹீம் காலமானார்.

தங்கராஜ் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. மெட்ராஸ் ரெஜிமெண்டில் பந்து பழகிய மனிதர். கல்கத்தாவில் முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மூன்றுக்கும் ஆடியிருக்கிறார். நான் 1971-ல் வங்கி வேலையில் இங்கே வந்து சேர்ந்தபோது, "நீங்க தங்கராஜோட ஊர்க்காரங்களா?" என்று கேட்டுத்தான் எங்கள் கேஷியர் தாஸ் பாபு என்னிடம் சிநேகமானார். தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத்தில், நானோ தஞ்சாவூர்க்காரன். ஆனாலும் "ஆமாம்" என்று தலையாட்டி வைத்தேன். அதற்குப் பலன் உடனே கிடைத்தது, மத்தியானம் தன் வீட்டுச் சோறில் பங்கு கொடுத்தார்.

தஞ்சாவூர்க்காரனாக நான் பெருமைப்பட நியாயமான விஷயம் வேறு ஒன்று உண்டு. 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியா போட்ட கோல்தான் ஒலிம்பிக்ஸில் நாம் போட்ட கடைசி கோல். அதைப் போட்டவர் தஞ்சாவூர் சைமன் சுந்தர்ராஜ். அப்போதும் பயிற்சியாளர் ரஹீம்தான். சுந்தர்ராஜ் பிற்பாடு தானே பயிற்சியாளராகி 1973-ல் கேரளத்துக்கு அதன் முதல் ஸந்தோஷ் டிராஃபியை வாங்கிக் கொடுத்தார். ரஹீம் விதைத்தது எங்கெங்கே முளைத்திருக்கிறது பாருங்கள். பி.கே. பானர்ஜியும் அப்படித்தான். 1975 ஷீல்டு இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 5-0 என்று துவைத்ததே, அப்போது ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளர் அவர்தான். மறுநாள் மோகன் பகான் பக்தரான தாஸ் பாபு சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. எனக்கும் அன்றைக்குப் பட்டினி.

இனி இன்றைய கதைக்கு வருகிறேன்.

2024 ஜூன் 6-ஆம் தேதி சால்ட் லேக் யுவபாரதி அரங்கத்தில் நானும் இருந்தேன். குவைத்தோடு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம். ஸுனில் சேத்ரிக்கு அது கடைசி ஆட்டம் என்று அறிவித்திருந்தார்கள். 39 வயது, 150 ஆட்டம் முடித்து 94 கோல் போட்ட மனிதர். வயதான காலத்தில் அந்தக் கூட்டத்தில் போக வேண்டாம் என்று வீட்டில் தடுத்தார்கள். கேட்கவில்லை. ஜெயித்தால் அடுத்த சுற்றுக்கு வழி கிட்டத்தட்டத் திறந்துவிடும். தொண்ணூறு நிமிஷமும் உட்கார்ந்து பார்த்தேன். நம் பையன்கள் ஓடினார்கள், புரண்டார்கள், பந்தைக் கோல் வரை கொண்டுபோனார்கள். உள்ளே தள்ள ஆளில்லை. 0-0. சேத்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றி வந்தார். அத்தனை பேரும் எழுந்து நின்றோம்.

ஐந்து நாள் கழித்து தோஹாவில் கத்தாரிடம் 2-1 என்று தோற்றோம். அதில் அவர்கள் போட்ட முதல் கோலுக்கு முன் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது. உலகமே பார்த்தது, நடுவர்கள் மட்டும் பார்க்கவில்லை. அது தனி வயிற்றெரிச்சல். ஜூன் 17-ஆம் தேதி ஸ்டிமாச்சை நீக்கினார்கள்.

ஸ்டிமாச்சை நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. வாய்த் துடுக்கு உண்டு. 2023-ல் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கோப்பையில் இரண்டு தடவை சிவப்பு அட்டை வாங்கினார். பயிற்சியாளர் சிவப்பு அட்டை வாங்குவது எங்கே ஸார் நடக்கும்? 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோற்று, ஒரு கோல் கூடப் போடாமல் திரும்பினோம். மார்ச்சில் கௌஹாத்தியில் ஆஃப்கானிஸ்தானிடம் தோற்றதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. ஆனால் அதே ஸ்டிமாச்தான் 2023-ல் அந்தத் தெற்காசியக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தார். உலகத் தரவரிசையில் நாம் நூறுக்குள் வந்து 99-வது இடத்தில் நின்றோம். அப்போது அவரை மகா மேதை என்றவர்களும், பதினோரு மாதத்தில் விரட்டச் சொன்னவர்களும் ஒரே ஆட்கள்தான்.

"ஐந்து வருஷம் கொடுத்தார்களே, போதாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நாற்காலிக்கு ஐந்து வருஷம் கொடுத்தார்கள். நாற்காலிக்குக் கீழே தரை இருந்ததா என்பதுதான் என் கேள்வி. ஸென்டர் ஃபார்வர்டு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் லீக்கில் கிளப்புகள் கோல் போடுவதற்கென்றே வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்குகிறார்கள். அது அவர்கள் காசு, அவர்கள் சௌகரியம். ஜெயிக்க வேண்டுமென்றால் யாரும் அதைத்தான் செய்வார்கள். விளைவு, நம் பையன் பக்கத்து ஓரத்தில் ஓடிப் பந்தைக் கொடுக்கக் கற்றுக்கொள்கிறான், நடுவில் நின்று உள்ளே தள்ளக் கற்றுக்கொள்வதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி கிளப்பில் அப்படி ஆடிவிட்டு, சில நாள் முகாமுக்கு வரும் பையனிடம் தேசியப் பயிற்சியாளர் என்ன மந்திரம் போட முடியும்?

ஸ்டிமாச் போனதும் மனோலோ மார்க்கஸ் வந்தார். கெட்டிக்காரர். ஆனால் முதல் வருஷம் கோவா கிளப்புக்கும் அவர்தான் பயிற்சியாளர், தேசத்துக்கும் அவர்தான்! ஒரே ஆள் இரண்டு கல்யாணத்துக்குச் சமையல் ஒப்புக்கொண்ட மாதிரி. எட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவுக்கு எதிராக. அந்த ஆட்டத்துக்கு முன் அவர் என்ன செய்தார் தெரியுமா? நாங்கள் சால்ட் லேக்கில் எழுந்து நின்று கண்ணீரோடு வழியனுப்பினோமே, அதே சேத்ரியை ஓய்விலிருந்து திரும்ப வரவழைத்தார். அவருக்கு 40 வயது. அவரும் வந்து ஒரு கோல் போட்டார். எனக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. 140 கோடிப் பேர் உள்ள தேசம்.

2025 ஆகஸ்டில் காலித் ஜமீலை நியமித்தார்கள். பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு ஓர் இந்தியர். 2017-ல் மிஜோராமின் ஐஸால் அணியைத் தேசிய லீகில் சாம்பியனாக்கிக் காட்டியவர், அதுவும் பெரிய பணம் எதுவும் இல்லாமல். வந்த சூட்டோடு தாஜிகிஸ்தானில் நடந்த போட்டியில் ஓமனைப் பெனால்டியில் ஜெயித்து மூன்றாவது இடம் வாங்கினார். செப்டம்பரில் எங்கள் பேட்டையில் அவர்தான் ரஹீமின் மறு அவதாரம். அக்டோபர் 14-ஆம் தேதி மட்காவில் ஸிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைந்தது. நவம்பரில் டாக்கா. காப்பிப் பொடிக் கடையில் அவர் கதை முடிந்துவிட்டது. அதே சமயம், நம் பெரிய லீக் அந்த வருஷம் வழக்கமான காலத்தில் ஆரம்பிக்கவே இல்லை. யார் பணம் போடுவது, யார் நடத்துவது என்ற தகராறு முடியவில்லை. ஆட்டக்காரனுக்கு ஆட்டமில்லை. அதைப் பற்றிக் கடையில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பயிற்சியாளருக்கு முகம் இருக்கிறது, திட்டலாம். ஒப்பந்தப் பத்திரத்துக்கு முகம் ஏது?

இப்போது நான் ஏன் யோக்கியதை இல்லாதவன் என்று சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

1994-ல் நம் சங்கத்துப் பையன்களுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. பழைய உறுப்பினர்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்திலிருந்து பதினாலு வயது வரை பதினாறு பையன்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெரியவர் கிடைத்தார். வங்காளி. இளவயதில் மைதானத்துச் சின்னக் கிளப் ஒன்றில் ஆடியவர். பையன்கள் அவரை மாஸ்டர்மொஷாய் என்பார்கள். காக்கி அரை டிராயர், கான்வாஸ் ஷூ. டிராம் காசும் ஒரு டீயும் தவிர எதுவும் வாங்கமாட்டார். புதனும் ஞாயிறும் காலை ஆறு மணிக்கு லேக் பக்கம் புல்தரையில் நிற்பார். மழை பெய்தாலும் குடையோடு நிற்பார்.

அவர் முதல் இரண்டு மாதம் பையன்களை இடது காலால் மட்டுமே உதைக்க விட்டார். அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு தொடுதல், உடனே அடுத்தவனுக்குத் தட்டிவிட வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த பெற்றோருக்கு எரிச்சல். டிசம்பர் விடுமுறையில் பல மொழிச் சங்கங்கள் சேர்ந்து நடத்திய போட்டியில் நாம் மலையாளிகளிடம் ஆறு கோலில் தோற்றோம். அடுத்த ஆட்டத்தில் மூன்று கோல். நாம் ஒன்று கூடப் போடவில்லை.

ஜனவரியில் செயற்குழு கூடியது. நான் அப்போது உறுப்பினர். "போட்டிக்குத் தயார் பண்ணாம இடது கால் பாடம் நடத்திண்டிருந்தா எப்படி?" என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மாற்றிவிடலாம் என்பதற்குக் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். கால்பந்து தெரிந்தவன் என்று சங்கத்தில் பெயர் எடுத்தவன் நான். நான் தூக்கியதைப் பார்த்துத் தூக்கிய கைகள் இரண்டு மூன்றாவது இருக்கும். உண்மைக் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மகன் அந்த அணியில் இருந்தான். இரண்டு ஆட்டத்திலும் அவனை அவர் வெளியே உட்கார வைத்திருந்தார்.

விஷயத்தைப் போய்ச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. மாஸ்டர்மொஷாய் கோபப்படவில்லை. "ஆறு மூன்றாகியிருக்கிறது, கவனித்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். பிறகு உள்ளே போய் இரண்டு பந்து, காற்றடிக்கும் பம்பு, ஊசி, மீதிப் பணம் பதினோரு ரூபாய் ஐம்பது பைசா, அதற்கு ஒரு கணக்குச் சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். பந்துகளில் அன்றைக்குத்தான் காற்றடித்திருந்தார் போலிருக்கிறது, கல் மாதிரி இருந்தன.

அதற்கப்புறம் சம்பளத்துக்கு ஒருவரை வைத்தோம். 1995 டிசம்பரில் நாலு கோலில் தோற்றோம். அவரையும் மாற்றினோம். மூன்றாமவர் வந்தபோது பையன்கள் ஏழு பேர்தான் மிச்சம். 1996-ல் அணியே இல்லை. பம்பு ரொம்ப நாள் சங்கத்து அலமாரியில் ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

ரஹீம் ஹைதராபாத்தில் நடத்திய அந்தப் பலவீனக் கால் போட்டிகளைப் பற்றி நான் படித்தது பல வருஷம் கழித்து. படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மாஸ்டர்மொஷாய் அதற்குள் காலமாகிவிட்டார். அவர் எங்கே கற்றார், யாரிடம் கேட்டார் என்று விசாரிக்க வழியில்லை. அவர் கையில் பையன்கள் இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் மலையாளிகளை ஜெயித்திருப்பார்களா? சத்தியம் செய்ய முடியாது. என் மகனுக்கு இப்போது 43 வயது. பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் சிநேகிதர்களோடு பந்து விளையாடுகிறான். போன வருஷம் பேச்சு வாக்கில் ஃபோனில் சொன்னான், "எல்லாரும் என்னை லெஃப்டின்னு நினைச்சுண்டிருக்காப்பா" என்று.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. வருகிற பொதுக்குழுவில் குழந்தைகளுக்கு மறுபடியும் கால்பந்துப் பயிற்சி தொடங்குவது பற்றி ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார்கள். சுற்றறிக்கை எல்லோருக்கும் வந்திருக்கும். நல்ல காரியம். ஈஸ்ட் பெங்காலில் நம் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர், 2023 டியூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஒற்றைக் கோல் போட்டு ஜெயிக்க வைத்ததிலிருந்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தீர்மானத்தில் நாலாவது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். "போட்டி முடிவுகளின் அடிப்படையில் பயிற்சியாளரின் நியமனம் ஆண்டுதோறும் பரிசீலிக்கப்படும்" என்று இருக்கிறது.

அந்த ஷரத்தை எடுத்துவிட்டு வேறொன்று போட வேண்டும் என்பது என் கருத்து. பயிற்சியாளருக்கு மூன்று வருஷம். பையன்களிடம் முறை தவறி நடந்தாலோ, வராமல் இருந்தாலோ நீக்கலாம், கோல் கணக்கைக் காட்டி நீக்கக் கூடாது. செயற்குழுவுக்கு அவர் கொடுக்க வேண்டிய கணக்கு எத்தனை பையன்கள் வந்தார்கள், எத்தனை பேர் நின்றார்கள் என்பது மட்டும். தன் பிள்ளை அணியில் இருக்கும் உறுப்பினர் இது பற்றிய ஓட்டெடுப்பில் கலந்துகொள்ளக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் என்னை மனசில் வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

மைதான வாடகைக்குத்தான் பணம் அதிகம் பிடிக்கும். முதல் வருஷ வாடகையில் பாதியை என் பென்ஷனிலிருந்து தருகிறேன். திருத்தத்தை நானே முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். காப்பிப் பொடிக் கடை நண்பரையும் கேட்டிருக்கிறேன். "யோசிச்சுச் சொல்றேன் ஸார்" என்றிருக்கிறார்.